அப்டேட் உங்களோடது, டேட்டா யாரோடது?

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரை மணி. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம், லயத்தில் நடுக்காம்பரா. எங்களில் ஒருத்தியின் வீடு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா வாரத்தில் ஒரு தடவை கூப்பிடுகிற நேரம். அம்மாயி விளக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாச்சு. எட்டு வயசுத் தம்பி அம்மாவிடம் காட்டக் கணக்குக் கொப்பியை மடியில் விரித்து வைத்திருக்கிறான். ஏழரை தாண்டியது, ஏழே முக்கால் ஆனது, போன் அடிக்கவில்லை. என்னடா இது என்று ஆப்பைத் திறந்தால் திரை முழுக்க ஒரு பெட்டி. இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டது, அப்டேட் செய்தால்தான் தொடரலாம். கீழே ஒரே ஒரு பட்டன். மூடுகிற குறிகூட இல்லை.

போனில் இருந்தது சோஷல் பேக்கேஜ். அதை வைத்து அந்த ஆப்புக்குள்ளே பேசலாம். அந்த ஆப்பை இறக்க முடியாது, அதற்கு வேறு டேட்டா வேணும். தோட்டத்துக் கடை மூடியாச்சு. பக்கத்துக் காம்பரா அண்ணனிடம் ஹொட்ஸ்பொட் கேட்டு வாங்கினாள். முக்கால்வாசி இறங்கி நின்றது: போனில் இடம் போதாது. 16 ஜிபி போன், அதிலே பாதியைக் கம்பனிக்காரனே பிடித்து வைத்திருக்கிறான். எதை அழிக்கிறது? தம்பியின் பள்ளிக்கூடப் பாடங்களையா, போன வருஷம் செத்துப்போன தாத்தாவின் வீடியோவையா? வீடியோவை அழித்தாள். எல்லாம் முடிந்து ஆப் திறந்தபோது மணி எட்டேமுக்கால். அம்மாவுக்கு அந்த வீட்டில் கிடைக்கிற நேரம் முடிஞ்சு போச்சு. தம்பி கொப்பி மேலேயே தூங்கிட்டான்.

இந்தக் கதையை டவுனில் ஒரு போன் கடை நண்பரிடம் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "அப்டேட் வர்றப்பவே பண்ணியிருக்கணும் தங்கச்சி. நோட்டிபிகேசன் வந்திருக்குமே." வந்திருந்தது. ஒரு மாசமாக வந்துகொண்டே இருந்தது. நாங்கள் எழுதுவது அந்தப் பதிலுக்கு எதிராகத்தான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அப்டேட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது, பிரித்தானியாவின் அரச ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. 2019 மே மாதம் வட்ஸ்அப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு மிஸ்ட் கோல் போதும், போனுக்குள் உளவு மென்பொருள் இறங்கிவிடும். ஏறக்குறைய 1400 பேரை அப்படிக் குறிவைத்தார்கள் என்று வட்ஸ்அப்பே சொன்னது. அதிலிருந்து தப்ப இருந்த வழியும் அப்டேட்தான். ஆகவே "எல்லாத்தையும் ஓஃப் பண்ணிப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்கிற நண்பர்களோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. அதைப் பிறகு போடுவோம்.

எங்கள் கேள்வி வேற. அப்டேட் எப்போது நடக்கணும், யாருடைய செலவில் நடக்கணும், எந்த மொழியில் கேட்கணும்? இந்த மூன்றையும் யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கிறார்கள். அவர்கள் முடிவு பண்ணினபோது கண் முன்னால் இருந்த வீடு எங்கள் வீடு கிடையாது.

இதைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஆன்ட்ராய்ட் போனில் பிளே ஸ்டோர் தானாக அப்டேட் செய்வதற்கு வழக்கமாகச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. போன் வைஃபையில் இருக்கணும். சார்ஜில் செருகியிருக்கணும். யாரும் பாவிக்காமல் சும்மா கிடக்கணும். அப்டேட் ஆக வேண்டிய ஆப் திறந்திருக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்குத் தன் அறையில், தன் கட்டில் பக்கத்தில், தன் சார்ஜரில் தன் போனை மாட்டி, வீட்டு வைஃபையில் விட்டுவிட்டுத் தூங்குகிற ஒரு ஆளுக்காக எழுதின நிபந்தனைகள் இவை. அவருக்கு அப்டேட் என்று ஒன்று நடக்கிறதே தெரியாது. காலையில் எழும்பினால் எல்லாம் புதுசாக இருக்கும்.

இப்போது லயத்துக்கு வாங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. ஒரு ப்ளக் பொயின்ட், அதிலே டிவியும் இருக்கு. போன் ஒன்று, கை ஐந்து. காலையில் அம்மா மலைக்குக் கொண்டுபோகிறார், பின்னேரம் அக்கா டியூஷன் நோட்ஸ் பார்க்கிறாள், ராத்திரி தம்பி கேம் விளையாடுகிறான், அதுக்கப்புறம் கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணன் கூப்பிடுகிறான். வைஃபை என்கிறது டவுனில் யாரோ ஒருத்தர் வீட்டுச் சங்கதி. இந்தப் போன் எப்போது சும்மா கிடந்து, சார்ஜில் இருந்து, வைஃபையில் இருக்கப் போகுது? ஒருநாளும் இல்லை. அதனால் அப்டேட்டுகள் ஆகாமல் குவிகின்றன. 7, 15, 31. குவியக் குவிய நோட்டிபிகேசன் வருகிறது. கடைசியில் ஒருநாள் யாரோ ஒருத்தர், பெரும்பாலும் சின்னப் பிள்ளை, அந்தத் தொல்லை தாங்காமல் 'அப்டேட் ஓல்' என்பதை அமத்திவிடுகிறது. மாசத்துக்கென்று போட்ட டேட்டா ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வசதியானவனுக்கு ஓசையில்லாமல் நடக்கிற ஒரு வேலை, எங்களுக்கு மட்டும் ஒரு மாச நச்சரிப்பாகவும் கடைசியில் ஒரு திருட்டாகவும் வந்து சேருகிறது. திருட்டு என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறோம். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று சம்பள நிர்ணய சபை முடிவுசெய்தது. அதற்கு எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் கிலோ குறைந்தால் அரைப் பேர். அந்தக் காசில் வாங்கின டேட்டா, யாரும் கேட்காத ஒரு ஷொப்பிங் ஆப்பின் புது நிறத்துக்காகக் கரைந்து போகிறது என்றால் அதற்கு வேறு என்ன பெயர்?

இன்னொரு விஷயம் எங்களுக்குப் படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. 2016 டிசம்பரில் கூகுள் ஒரு நல்ல வேலை செய்தது. முழு ஆப்பையும் திரும்ப இறக்காமல், மாறின பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிற ஒரு முறையைக் கொண்டுவந்தது. சராசரியாக 65 வீதம் அளவு குறையும் என்றார்கள். ஆனால் பொதியைப் பிரித்துச் சேர்க்க போனுக்கு நிறையச் சக்தி வேணும் என்பதால், அப்போது அதைத் தானாக நடக்கிற அப்டேட்டுக்கு மட்டும் என்று வைத்தார்கள். அதாவது ராத்திரி சார்ஜில் மாட்டிச் சும்மா வைத்திருக்கிற போனுக்கு. எம்பிக் கணக்குப் பார்க்கத் தேவையே இல்லாத ஆளுக்கு முதலில் சின்னப் பொதி. ஒவ்வொரு எம்பியையும் எண்ணிக் கையால் அமத்துகிற எங்களுக்குப் பெரிய பொதி. யாரும் வேண்டுமென்று செய்தது கிடையாது. எங்களை நினைக்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு நடக்கிறது பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது.

வைஃபை என்றதும் இன்னொன்று. இப்போது சில வீடுகளில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வந்திருக்கு. மாமா வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி, பிள்ளை ஏ.எல். படிக்கிறதுக்காக வாங்கினது. அந்த ரவுட்டருக்குள் இருப்பதும் அளந்து ஊற்றின டேட்டாதான். ஆனால் போனுக்கு அது தெரியாது. "ஆகா, வைஃபை!" என்று துள்ளிக் குதித்து எல்லா அப்டேட்டையும் இழுக்க ஆரம்பிக்கும். 'ஓவர் வைஃபை ஒன்லி' என்று வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்திருந்த எங்களில் மூன்று பேர் இப்படி ஏமாந்திருக்கிறோம்.

சரி, கேட்கிற விதத்துக்கு வருவோம். நோட்டிபிகேசனில் இருக்கிற பட்டன்களைக் கவனித்துப் பாருங்க. ஒரு பக்கம் 'அப்டேட்', மறுபக்கம் 'லேட்டர்'. 'வேண்டாம்' எங்கே? இல்லை. "இப்ப வரட்டா, நாளைக்கு வரட்டா" என்று கேட்கிற கடன்காரன் மாதிரி. ஆப்களுக்கு நோட்டிபிகேசன் அனுப்பவே அனுமதி கேட்கணும் என்ற பழக்கம் ஐபோனில் 2009இலேயே இருந்தது. ஆன்ட்ராய்டில் அது வந்தது 2022இல், ஆன்ட்ராய்ட் 13இல். பதின்மூன்று வருஷம். அதுவரைக்கும் உள்ளே வந்த எந்த ஆப்பும் கேட்காமலே மணியடிக்கலாம், நீங்களாகத் தேடிப்போய் நிறுத்தினால்தான் உண்டு. எங்கள் லயங்களில் கைமாறிக் கைமாறி ஓடுகிற போன்களில் பாதிக்கு மேல் அந்தப் பழைய ஆன்ட்ராய்ட்தான். ஆப் என்று பேர் வைத்தபோதே சுதாரித்திருக்கணும், அது ஆப்புதான்.

மொழியைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் அம்மாயிமார் இங்கிலீசில் வருகிற எந்தப் பெட்டிக்கும் 'ஓகே' அமத்துவார்கள். ஏனென்று கேட்டால், "அதானே கேக்குது" என்பார்கள். எத்தனையோ தாள்களில், என்ன எழுதியிருக்கு என்று தெரியாமலே பெருவிரல் வைத்த சனம் நாங்கள். இப்போது மை கிடையாது, கண்ணாடி. விரல் அதே விரல்தான். போனைத் தமிழில் மாற்றிவைக்கலாமே என்பீர்கள். மாற்றிப் பார்த்தோம். எங்கள் வீட்டில் பேசுகிற தமிழும் அந்த மெனுவில் இருக்கிற தமிழும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி நிற்கின்றன. படித்த நாங்களே சில வரிகளை மனசுக்குள் இங்கிலீசுக்கு மாற்றித்தான் புரிந்துகொண்டோம். "இந்த அப்டேட்டுக்கு 140 எம்பி போகும், உங்ககிட்ட இருக்கிறது 200 எம்பி, செய்யவா?" என்று ஒரு வரி தமிழில் கேட்க என்ன கஷ்டம்? போனுக்குத் தன் கணக்கில் எவ்வளவு டேட்டா போகுது என்று நன்றாகத் தெரியும். அதைச் சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை.

இது எங்கள் மலையில் மட்டும் நடக்கிற கதையா என்றால் இல்லை. 2020 ஓகஸ்டில் ஆபிரிக்காவில் விற்ற டெக்னோ டபிள்யூ2 என்ற மலிவு போன்களைப் பற்றி ஒரு செய்தி வந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உள்ளே தீங்கு மென்பொருள் இருந்தது. அது ஏழைகளின் டேட்டாவைத் தின்றது, கேட்காத கட்டணச் சேவைகளில் அவர்களைச் சேர்த்துவிட்டது. தயாரித்த கம்பனி, இடையில் இருந்த யாரோ ஒரு வழங்குநர் மேல் பழியைப் போட்டது. அதே வருஷம் ஜனவரியில் பிரைவசி இன்டர்நஷனல் உட்பட 50க்கு மேற்பட்ட அமைப்புகள் கூகுளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தன: மலிவு போன்களில் அழிக்க முடியாத ஆப்களைத் திணிக்காதீர்கள், தனியுரிமை பணக்காரர்களுக்கு மட்டும் உரியது இல்லை என்று. போனின் விலை குறையக் குறைய, அதற்குள் அழிக்க முடியாமல் குந்தியிருக்கிற ஆப்கள் கூடிக்கொண்டு போவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் அப்டேட், ஒவ்வொன்றுக்கும் மணி.

பெரிய கம்பனிகளும் சுத்தமில்லை. பட்டரி பழசாகிற ஐபோன்களை அப்டேட் மூலம் மெதுவாக்கியதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சம்சுங்குக்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் போட்டது. பழைய போனால் தாங்க முடியாத அப்டேட்டை, என்ன நடக்கும் என்று சொல்லாமல் போட வைத்ததுதான் குற்றம். கவனிங்க, அப்டேட் கொடுத்தது குற்றம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் கொடுத்ததுதான் குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20இலிருந்து, புதிதாக விற்பனைக்கு வருகிற போன்களுக்குக் குறைந்தது 5 வருஷம் அப்டேட் கொடுத்தாகணும் என்று சட்டமே இருக்கு. இங்கே ஹட்டன் டவுனில் ஒரு போன் வாங்கும்போது, "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்" என்று கேட்டுப் பாருங்க. கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பாவம், அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

புதுப் போன் வாங்கினால் முடிந்ததே என்பவர்களுக்கு: 2022இல் ரூபாவின் பெறுமதி பாதியாகச் சரிந்தபோது நாங்கள் இந்த நாட்டில்தான் இருந்தோம். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமானது, அதுவரை விலக்கில் இருந்த போன்களும் அதற்குள் வந்தன. அதற்கு மூன்று மாசம் முன்னால்தான், 2023 ஒக்டோபரில், ஆன்ட்ராய்ட் 5.0க்குக் கீழே இருந்த போன்களை வட்ஸ்அப் கைவிட்டது. ஒரு பக்கம் பழைய போன் வேலை செய்யாது, மறு பக்கம் புதுப் போன் எட்டாது. நடுவில் இருக்கிறவன் கையில் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கு.

இப்போது எங்களுடைய பெரிய பயத்துக்கு வருகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை நாடு முழுக்க எங்கே எது சரியும் என்று தெரியாமல் ராத்திரி முழுக்க விழித்திருந்தோம். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். அது பெரும்பாலும் எங்களுக்கு எப்படி வந்து சேருகிறது? யாரோ ஒரு மாஸ்டர், யாரோ ஒரு தலைவர் வட்ஸ்அப் குழுவில் போடுவதாகத்தான். அதுவும் ஒரு சின்ன 'டிங்'. ஆப் ஸ்டோர் அடிக்கிற அதே டிங். கேம் அடிக்கிற அதே டிங். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஒன்றுமில்லாததுக்கு மணியடித்தால் நாற்பத்தோராவது மணிக்கு யார் திரும்பிப் பார்ப்பான்? முன்னெல்லாம் தோட்டத்தில் தப்பு அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு அர்த்தம் இருந்தது என்று தாத்தாமார் சொல்வார்கள். பெரட்டுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. ஒன்றை மற்றொன்றாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கம்பனிகள் செய்திருப்பது, சாவுக்கு அடிக்கிற அடியை நாள் முழுக்க விளம்பரத்துக்கு அடித்துக்கொண்டிருப்பது மாதிரி.

அதனால்தான் "எல்லா நோட்டிபிகேசனையும் ஓஃப் பண்ணு" என்கிற நண்பர்களோடு எங்களுக்குச் சண்டை. எல்லாவற்றையும் அடைத்தால் எச்சரிக்கையும் அடைபடும், அம்மாவின் கோலும் அடைபடும். எது அடிக்கலாம், எது அடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கணும். அது கஷ்டமான வேலை. ஆனால் ஒரு தடவை உட்கார்ந்து செய்தால் போதும்.

எப்படிச் செய்வது என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீங்க, சொல்கிறோம். பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலது பக்கம் இருக்கிற உங்கள் படத்தை அமத்துங்க. செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க் பிரிஃபரன்சஸ், அதற்குள் ஓட்டோ-அப்டேட் அப்ஸ். அங்கே 'டோன்ட் ஓட்டோ-அப்டேட் அப்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்க. சம்சுங் போனில் கலக்ஸி ஸ்டோர், ரெட்மியில் கெட்ஆப்ஸ் என்று இரண்டாவது கடையும் இருக்கும். அது தனியாக இழுக்கும், அதன் செட்டிங்ஸிலும் போய் நிறுத்தணும். இதை நிறைய ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். பிறகு, தொல்லை பண்ணுகிற நோட்டிபிகேசன் வரும்போது அதைத் தள்ளிவிடாதீங்க. விரலை அதன் மேலேயே அமத்திப் பிடியுங்க. 2017இல் வந்த ஆன்ட்ராய்ட் 8இலிருந்து, அந்த ஆப்பின் எல்லா மணியையும் நிறுத்தாமல் அந்த ஒரு வகையை மட்டும் நிறுத்த வழி இருக்கு. வட்ஸ்அப் செய்தி வரும், ஷொப்பிங் கூச்சல் வராது. வீட்டில் ரவுட்டர் இருந்தால் வைஃபை செட்டிங்ஸில் அந்தப் பெயரை அமத்தி, அதை 'மீட்டர்ட்' என்று மாற்றுங்க. அதாவது, "இதுவும் காசு கொடுத்து வாங்கின டேட்டாதான்" என்று போனுக்குச் சொல்லிவிடுகிறீங்க. பெரும்பாலான போன்களில் டேட்டா சேவர் என்று ஒன்றும் இருக்கு, அதைப் போட்டுவைத்தால் திரைக்குப் பின்னால் நடக்கிற இழுப்பு குறையும்.

நிறுத்திவிட்டு மறந்துவிடக் கூடாது. மாசத்தில் ஒரு நாள் நீங்களாகவே போய், வட்ஸ்அப், பிரவுசர், வங்கி ஆப், வெளிநாட்டுக்குப் பேசுகிற ஆப், இந்த நான்கை மட்டுமாவது அப்டேட் செய்துவிடுங்க. மற்றதெல்லாம் காத்திருக்கட்டும். அம்மாவின் கோலுக்கு உரிய ஆப்பை வெள்ளிக்கிழமை இல்லை, புதன்கிழமையே திறந்து பார்த்துவிடுங்க. எங்கள் வீட்டில் பட்ட பிறகுதான் இந்தப் புத்தி வந்தது.

அப்டேட் நோட்டிபிகேசன் மாதிரியே வேஷம் போட்டு வருகிறதையும் சொல்லணும். ஏதாவது படம் பார்க்கிற தளத்தில், "உங்கள் வட்ஸ்அப் பழசு, உடனே அப்டேட் செய்யுங்க" என்று சிவப்பில் ஒரு பெட்டி வரும். அமத்தினால் ஒரு ஏபிகே கோப்பு இறங்கும். அது அப்டேட் கிடையாது, கள்ளன். ஜிபி வட்ஸ்அப் என்று டவுனில் போட்டுக் கொடுக்கிறதும் வட்ஸ்அப் கம்பனி செய்தது கிடையாது, அதன் அப்டேட் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது, அதைப் பாவிப்பவர்களின் கணக்கை வட்ஸ்அப் முடக்கவும் செய்கிறது. உண்மையான மணி இவ்வளவு அடிப்பதால்தான் கள்ள மணியும் செல்லுபடியாகிறது. அப்டேட் என்றாலே யோசிக்காமல் அமத்துகிற பழக்கத்தை யார் பழக்கிவிட்டார்கள்?

எங்களையும் கொஞ்சம் திட்டிக்கொள்ளணும். லயத்தில் 'போன் தெரிஞ்ச பிள்ளைகள்' நாங்கள்தான். பெரியம்மா போனை நீட்டி, "இது என்னமோ கத்திக்கிட்டே இருக்குடா, பாரு" என்றால், நாங்கள் ஐந்து செக்கனில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, "சரியாயிருச்சு" என்று கொடுத்துவிடுகிறோம். ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து, இது இதுக்காக வருது, இதை இப்படி நிறுத்தலாம் என்று சொல்லியிருக்கிறோமா? அவர்களுடைய டேட்டா போனதில் எங்கள் அவசரத்துக்கும் பங்கு இருக்கு.

ஆனால் ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு போனாகத் திருத்திக்கொண்டிருப்பது மட்டும் பதில் ஆகாது. பேஸ்புக்குக்கு ஒரு டேட்டா, வட்ஸ்அப்புக்கு ஒரு டேட்டா, வீடியோவுக்கு ஒரு டேட்டா என்று கூறுகூறாகப் பிரித்து விற்கத் தெரிந்த தொலைபேசிக் கம்பனிகளுக்கு, அப்டேட் வருகிற வழியை மட்டும் பிரிக்கத் தெரியாதா? அந்தக் கூறுபோட்டு விற்கிறதே சரியா என்பது தனிச் சண்டை. ஆனால் பிரிக்க முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். சோஷல் பேக்கேஜ் வாங்கினவருக்கு அந்த ஆப்பின் கட்டாய அப்டேட்டும் அந்தப் பேக்கேஜுக்குள்ளேயே இறங்கணும். பாதுகாப்பு அப்டேட்டுக்கு டேட்டா வெட்டக் கூடாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒவ்வொரு போனுக்கும் அங்கீகாரம் இருக்கா என்று பார்க்கிறது. பார்க்கிறதோடு பார்க்கிறதாக, இந்தப் போனுக்கு எந்த வருஷம் வரை அப்டேட் வரும் என்பதைப் பெட்டியில் மூன்று மொழியிலும் அச்சடிக்கச் சொல்லட்டும். பால்மா பெட்டியில் காலாவதித் திகதி போடுகிற நாடுதானே இது. அந்த ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம், தமிழில். பதிலும் தமிழில் வரணும் என்று கேட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்க.

அதுவரைக்கும், சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து நாங்கள் வாசிகசாலையில் ஒரு ரவுட்டரோடு இருப்போம். டேட்டாவுக்கு எல்லாரும் சேர்ந்து காசு போடுகிறோம். வீட்டுப் போனைக் கொண்டு வாங்க. முடிந்தால் அந்தப் போனைப் பாவிக்கிற அம்மாயியையும் கூட்டிக்கொண்டு வாங்க, அவர் கையாலேயே செய்யட்டும். படங்களைப் பத்திரப்படுத்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருக்கு, எதையும் அழிக்கத் தேவையில்லை. சார்ஜரை மறக்காதீங்க. ஒரு நீட்டு வயரும் இருந்தால் எடுத்து வாங்க, அங்கேயும் ப்ளக் ரெண்டுதான்.